வண்டிப்பெரியாருக்கு மாதம் முப்பத்தைந்து ரூபாய்

பால் சங்கத்தில் பால் அளக்கிறவளுக்குச் சம்பளம் கொடுப்பதே சந்தேகப்படுவதற்குத்தான். விடிந்ததும் வரிசை நிற்கும். பாலோடு வருகிறவர்களின் ஒவ்வொரு போசியிலும் லாக்டோமீட்டர் என்கிற கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பார்த்து, பால் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று நான் முடிவு செய்ய வேண்டும். எழுபதுகளில், கேரள எல்லைக்குள் இருக்கும் மீனாட்சிபுரத்தில் ஒரு சங்கத்தில் ஆறு வருஷம் அந்த வேலை பார்த்தேன். சிரித்துக்கொண்டே வருகிறவரின் பாலை இரண்டு தடவை பார்ப்பேன். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டில் எப்படி ஏமாந்தாள் என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டியவர் எங்கோ வைத்துவிட்டு வந்த ஜீவனாம்ச பாக்கியை அரிசிப் பணத்தில் கட்டிய சகோதரிகளுக்கு நான் விளக்கவே வேண்டாம். பாதி படிக்கும்போதே மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

என் வீட்டுக்காரர் கிட்டுசாமி அதே சங்கத்தில் பால் வேன் ஓட்டினார். அதற்கு முன்னால் வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டியவர். அங்கே ஒரு கல்யாணம், ஒரு பெண் குழந்தை, பிறகு கோர்ட்டில் விவாகரத்து. இதெல்லாம் தெரிந்துதான் நான் கழுத்தை நீட்டினேன். எல்லாம் தீர்ந்த கதை என்றார்கள். குழந்தைக்கு மாதாமாதம் முப்பத்தைந்து ரூபாய் அனுப்புகிறேன் என்று அவர் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டிருந்ததை மட்டும் யாரும் சொல்லவில்லை.

வரிசையில் ஒரு போலீஸ்காரர்

ஒருநாள் காலை வரிசையின் நடுவில் காக்கி உடுப்பு ஒன்று நின்றது. கையில் பாத்திரம் இல்லை. யாருடைய மாடோ யாருடைய காட்டிலோ மேய்ந்திருக்கும், விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான் பாட்டுக்கு அளந்துகொண்டிருந்தேன். அவர் முறை வந்தது. "கிட்டுசாமி எவிடெ?" என்றார். வேன் போய்விட்டது, நான் அவர் சம்சாரம் என்றேன். நல்ல மனுஷர்தான், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் காது மந்தம் உள்ளவர்கள் பேசுகிற மாதிரி சத்தமாகக் காகிதத்தைப் படித்தார். கோர்ட்டு மலையாளம் எனக்குப் பாதிதான் புரியும். 'குடிசிக' என்ற வார்த்தை மட்டும் நாலு தடவை வந்தது. அது பாக்கி என்று சங்கத்து நோட்டீசுகளைப் படித்துத் தெரிந்து வைத்திருந்தேன்.

இருபத்து நாலு மாதப் பாக்கி. எண்ணூற்று நாற்பது ரூபாய். கட்டாவிட்டால் ஆளைப் பிடித்து உள்ளே வைப்பார்கள். பணத்தை விட அந்த இருபத்து நாலுதான் என்னைக் குத்தியது. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து மாதம். அப்படியென்றால் முதல் மாதம் ஒன்றுதான் அனுப்பியிருக்கிறார். நான் வீட்டுக்குள் காலை வைத்ததும் அந்தக் குழந்தைக்குப் பணம் நின்றிருக்கிறது.

காகிதத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டு அடுத்த போசிக்குக் கை நீட்டினேன். குழல் போசியின் ஓரத்தில் இடித்தது. அடுத்து நின்றவர் தோட்டத்து ராமசாமி அண்ணன். இரண்டு நாள் முன்னால்தான் அவர் பாலைத் திருப்பி அனுப்பியிருந்தேன். அவர் எட்டி அந்தக் காகிதத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, தண்ணி எங்க பால்ல மட்டுந்தானுங்களா?"

எலி தின்ற ரசீது

சாயங்காலம் கேட்டேன். கால் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "நான் அனுப்பிட்டுத்தான் இருந்தேன். அவ பொய் சொல்றா" என்றார். ரசீது எங்கே என்றேன். டிரங்குப் பெட்டியில் வைத்திருந்ததாகவும் எலி கடித்துவிட்டதாகவும் சொன்னார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பெட்டியைத் திறந்து பார்த்தேன். என் கூறைப்புடவை முழுசாக இருந்தது. அவர் லைசென்ஸ் காகிதம் ஒரு ஓரம்கூட மடங்காமல் இருந்தது. ரசீதை மட்டும் தேடித் தின்ற எலி. பெட்டியை மூடிவிட்டு ரசம் ஊற்றினேன்.

அவருக்கு நூற்றுத் தொண்ணூறு, எனக்குத் தொண்ணூற்றைந்து, அதுதான் எங்கள் வருமானம். வாடகை போகும், எட்டு மாதப் பையனுக்கு மருந்துக்குப் போகும், அவருடைய அம்மாவுக்குப் போகும். எங்கே பிடிப்பது என்று யோசித்துக் காப்பியை நிறுத்தினேன், எண்ணெயைப் பாதியாக்கினேன், தலைக்குத் தேய்ப்பதை வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்று வைத்தேன். மளிகைக் கடையில் போய், இனிமேல் எங்கள் கணக்கில் எண்ணெய் பாதிதான் எழுத வேண்டும் என்று சொன்னேன். கடைக்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். எழுதப் போகிறார் என்று பார்த்தால், கல்லாவுக்கு அடியிலிருந்து இன்னொரு சின்ன நோட்டை எடுத்துத் தூசி தட்டினார்.

"உங்க பேருக்கு எண்ணெயக் கொறச்சுக்கறனுங்க. ஊட்டுக்காரரு பேருக்குத் தனி நோட்டு ஓடுதுங்களே, அதயும் படிக்கட்டுங்களா?"

துண்டுக்குள்ளே ஒரு விலை

என் அப்பா கொடுத்த செவலை மாட்டை விற்பது என்று முடிவானது. வேலந்தாவளம் சந்தைக்கு ஓட்டிப் போனோம். நானும் போனேன். பெண்கள் போவது வழக்கமில்லை, ஆனால் மாடு என் மாடு. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தரகர் துண்டை விரிப்பார், அதற்குள்ளே கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் விலை. வெளியே நிற்கிறவர்களுக்கு இரண்டு முகங்கள் மட்டும்தான் தெரியும். என் வீட்டுக்காரர் கை துண்டுக்குள்ளே போனது. தரகர் வானத்தைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். கை வெளியே வந்தது. "நானூத்தி எம்பது" என்றார் என்னிடம்.

ஐநூற்று இருபது போகும் மாடு என்று நான் மனசுக்குள் வைத்திருந்தேன். எலி தின்ற ரசீது ஞாபகம் வந்தது. விறுவிறு என்று போய், தரகருக்கு முன்னால் நின்று, "அதே வெலய எனக்கும் சொல்லுங்க" என்று துண்டுப் பக்கம் கையை நீட்டிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தரகர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சந்தைக்கே கேட்கும்படி, "நானூத்தி எம்பதுங்க" என்றார். வாங்கியவரும் தலையாட்டினார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார். புதுக் கயிற்றில் மாடு தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது. நான் மாட்டைப் பார்ப்பதா அவர் பின்னால் போவதா என்று தெரியாமல் நின்றபோது தரகர் பணத்தை எண்ணி என் கையிலேயே கொடுத்தார்.

"புருசன் வெரலயே நம்பாத அம்மிணி, இந்த மாட்ட எப்படிங்க நம்பிக் கறந்தீங்க?"

ஒரே பெருவிரல்

மாடு விற்ற பணத்தை என் வீட்டுக்காரரே கொண்டுபோய்க் கோர்ட்டில் கட்டி ரசீதோடு வந்தார். ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முத்திரை இருந்தது, தேதி இருந்தது. மீதி முந்நூற்று அறுபதை மாதம் முப்பதாகக் கட்ட அனுமதி கிடைத்தது. ஆக இனிமேல் மாதம் அறுபத்தைந்து ரூபாய்: முப்பத்தைந்து அவருடைய முதல் சம்சாரம் பேச்சியம்மாளுக்கு மணியார்டர், பழைய பாக்கிக்கு முப்பது அவர் கையால் அங்கே இருக்கும் வக்கீலுக்கு. "வக்கீல் மொத்தமா ஒரே ரசீதா வாங்கிக் குடுத்துருவாரு" என்றார். வக்கீல் என்றதும் எனக்குக் கேள்வி எழவில்லை. படித்தவர், பொய் சொல்ல மாட்டார் என்று நினைத்துவிட்டேன்.

எனக்குச் சந்தேகம் வந்தது மணியார்டர் மேல். பணம் வாங்கியதற்கான சீட்டு திரும்பி வரும்போது அதில் கையெழுத்து இல்லை, கைநாட்டு இருந்தது. போலீஸ்காரர் கொடுத்த காகிதத்தோடு பேச்சியம்மாள் கொடுத்த மனுவின் நகலும் இருந்தது. அதன் அடியில் மணிமணியாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள். கையெழுத்துத் தெரிந்தவள் எதற்குக் கைநாட்டு வைக்கிறாள்? ஒரு மாதம், இரண்டு மாதம், ஏழு மாதம். ஏழு சீட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஏழும் ஒரே பெருவிரல். அவள் பெயரில் வேறு யாரோ வாங்குகிறார்கள் என்று பட்டது. என் மாமியார் இன்னும் ஒரு படி மேலே போனார். அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று யார் கண்டது, இருந்தாலும் தன் மகனுடையதுதானா என்று யார் கண்டது என்றார். அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

சீட்டுகளை எடுத்துக்கொண்டு போஸ்ட்மாஸ்டரிடம் போனேன். பாலக்காட்டுக்காரர், எங்கள் சங்கத்தில் தினமும் அரை லிட்டர் வாங்குகிறவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஏழையும் பார்த்தார்.

"காசு அங்கே சேர்ந்நு, அது நிச்சயம். பட்சே வெரல் ஆருடேன்னு கேட்டா, அது தபாலாபீஸ் பாக்கிற ஜோலியில்ல, அம்மிணி."

செக்போஸ்டில் சோதனை

கேரளத்தில் ஒரு மூலையிலிருந்து கேரளத்தில் இன்னொரு மூலைக்குப் போக, நாங்கள் தமிழ்நாட்டுக்குள் இறங்கி ஏறியாக வேண்டும். பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம், அப்புறம் மலை ஏறிக் குமுளி. அப்பாவுக்குக் காய்ச்சல், பையனுக்கு ஒட்டிக்கொள்ளும், நான் மட்டும் போய்ப் பார்த்து வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பையனைச் சங்கத்தில் கேன் கழுவும் பாப்பாத்தியிடம் விட்டுவிட்டு வண்டிப்பெரியாருக்குக் கிளம்பினேன். பொய் சொல்கிறவரைக் கண்டுபிடிக்கப் போகிறவள், முதல் பொய்யை நானே சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். கம்பத்தில் சித்தி வீட்டில் தங்கி, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறினேன்.

அப்போது மலைக்கு அரிசி கடத்துகிறவர்கள் அதிகம். புடவைக்குள்ளே எல்லாம் கட்டிக்கொண்டு போவார்கள். செக்போஸ்டில் ஒருவர் பஸ்ஸில் ஏறி, தனியாக உட்கார்ந்திருந்த என் பையை வாங்கித் தலைகீழாகக் கொட்டினார். ஏழு வயசுப் பிள்ளைக்கு ஆகிற மாதிரி ஒரு கவுன் விழுந்தது. பிள்ளை உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வாங்கியது அது. பிள்ளை இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கடைச்சீட்டையும் வைத்திருந்தேன். அப்புறம் கைக்குட்டையில் இறுக்கி முடிந்த மூட்டை. அவர் முகம் மலர்ந்தது. அவிழ்த்தார். ஏழு மணியார்டர் சீட்டு.

"அரிசி கடத்துறவுகளப் பாத்திருக்கேன், ஏலக்கா கடத்துறவுகளப் பாத்திருக்கேன். ரசீது கடத்துற ஆள இன்னைக்குத்தாம்மா பாக்கேன்."

லயத்து வாசலில்

எஸ்டேட் லயம் என்பது ஒரே நீளக் கட்டடம். ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, முன்னால் ஒரு வாசல். பேச்சியம்மாள் பெயரைச் சொன்னதும் ஐந்தாவது வாசலைக் காட்டினார்கள். அவள் விறகு பிளந்து கட்டியதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என்னைவிட நாலைந்து வயசு கூடுதலாக இருக்கும். நான் யார் என்று சொன்னேன். விறகைக் கீழே வைக்கவில்லை. "கையெழுத்து வாங்க வந்தீகளா? பணம் வேண்டாம்னு எழுதிக் குடுக்கச் சொல்லி அனுப்பிச்சாரா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப போலீசு வேண்டாம்னு சொல்லவா?" அதுவும் இல்லை என்றேன். நான் எதற்கு வந்தேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. கவுனை எடுத்து நீட்டினேன். அவள் விறகை இறக்கிவிட்டு, அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, மடிப்பைப் பிரித்து உள்ளே ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"இத வாங்கிக்கிட்டா நான் எதுலயும் கைநாட்டு வைக்கணுமா?"

பேச்சியம்மாள் கேட்ட கேள்வி

கைநாட்டு என்று அவள் சொன்ன பிறகுதான் அவள் வலது கையைப் பார்த்தேன். மூன்று விரல் பாதியோடு நின்றிருந்தது. கோர்ட்டில் மனுக் கொடுத்துவிட்டு வந்த மறுமாதம் ஃபேக்டரியில் தூள் சலிக்கிற மெஷினில் கை மாட்டிக்கொண்டதாம். இப்போது எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் வேலை, சம்பளமும் குறைவு. "எடது கையில எழுதிப் பழகுனேன். வரல. அதான் பெருவெரலு" என்றாள். ஏழு சீட்டை வைத்துக்கொண்டு நான் கட்டிய கோட்டை அவ்வளவுதான். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண் குழந்தை வந்து நிலைப்படியில் சாய்ந்தது. ஒரு காலை மடக்கி, மறு காலின் ஆடுசதையைப் பாதத்தால் தேய்த்துக்கொண்டு நின்றது. கணக்குக் கேட்டால் கிட்டுசாமி நிற்பது அப்படித்தான். மாமியார் சொன்னதை நினைத்து என் காது சுட்டது. செல்வி என்று பெயர் சொன்னாள்.

மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வேண்டும் என்று, பழைய பாக்கியாவது குறைந்து வருகிறதே, இருநூற்றுப் பத்து வக்கீல் மூலம் கட்டியாகிவிட்டதே என்றேன். பேச்சியம்மாள் என்னை உற்றுப் பார்த்தாள். "எந்த வக்கீலு? போன வாரந்தான் கோர்ட்டுல கேட்டேன். முந்நூத்தி அறுவது அப்படியே கெடக்கு" என்றாள். பிறகு உள்ளே போய், கிட்டுசாமி அவளுக்கு எழுதிய கடிதங்களை எடுத்து வந்தாள். இப்போதைய சம்சாரம் பொல்லாதவள், சம்பளத்தைப் பூராவும் பிடுங்கி வைத்துக்கொள்கிறாள், அதனால்தான் அனுப்ப முடியவில்லை என்று எழுதியிருந்தார். அவருடைய எழுத்துதான். என்னிடம் அவர் அவளைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நானும் சொன்னேன். பணம் வந்ததை மறைக்கிறாள், பொய் கேஸ் போடுகிறாள், பிடுங்கித் தின்கிறாள். அவள் எனக்குப் போட்டுக் கொடுத்த டீ ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது. பேச்சியம்மாள் கடிதங்களை அடுக்கித் திரும்பக் கட்டினாள்.

"நீங்களும் பிடுங்கல, நானும் பிடுங்கல. பெறகு அந்த முப்பது ரூவா யாரு மடியிலதான் இருக்கு?"

வேன் சீட்டுக்கு அடியில்

திரும்பி வந்து இரண்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பாப்பாத்தியோடு சேர்ந்து பால் வேனைக் கழுவுவதாகச் சொல்லிக்கொண்டு டிரைவர் சீட்டைத் தூக்கினேன். கந்தல் துணி, ஸ்பானர், அதற்குக் கீழே ரப்பர் பட்டை போட்ட கட்டுக்கட்டாக லாட்டரிச் சீட்டு. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய். எல்லாவற்றிலும் குலுக்கல் தேதி தாண்டியிருந்தது. எண்ணத் தொடங்கி, நூற்றெழுபது வந்ததும் பாப்பாத்தி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அவர் டீ குடித்துவிட்டு வந்தவர் பத்தடி தள்ளி அப்படியே நின்றார்.

குடித்திருந்தால் திட்டியிருப்பேன். வேறு பெண் என்றால் கிளம்பியிருப்பேன். அவர் சொன்னது, ஒரே ஒரு சீட்டு விழுந்தால் போதும், அந்தப் பிள்ளைக்கும் நம் பையனுக்கும் ஒரே நாளில் எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம் என்று இருந்தேன் என்று. அவர் பொய் சொல்லும்போது கீழே பார்ப்பார். இதைச் சொல்லும்போது என்னை நேராகப் பார்த்தார். அது உண்மை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்பா வீட்டுக்குப் போய்விடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். போனால் எனக்கும் கோர்ட்டு ஒரு முப்பத்தைந்து போடும். அப்புறம் இரண்டு பெண்களின் பாக்கியைத் தீர்க்க அவர் இன்னும் நிறையச் சீட்டு வாங்குவார். அந்தச் சீட்டுக் கட்டுகளை அவர் முன்னால் வைத்து, இதில் ஒரு மாதம் அந்தப் பிள்ளை என்ன சாப்பிட்டிருக்கும் என்று கேட்டேன். நான் எண்ணிய கட்டுக்கு அவர் ரப்பர் பட்டையைத் திரும்பப் போட்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"ஒண்ணு உழுந்திருந்தா நீ இப்பிடிக் கேட்டிருப்பியா, ருக்குமணி?"

செக்ரட்டரி மேசை

பழைய போலீஸ்காரரே மறுபடி வந்தார். இந்தத் தடவை வரிசையில் நிற்கவில்லை, தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: மாசக் கடைசிக்குள் ஏதாவது கட்டாவிட்டால் ஆளைக் கொண்டுபோக வேண்டியிருக்கும். ஆள் உள்ளே போனால் வேன் வேறு டிரைவரிடம் போகும். அப்புறம் முப்பத்தைந்தும் இல்லை, முப்பதும் இல்லை, எங்கள் அடுப்பும் இல்லை. நேராகச் சங்கத்துச் செக்ரட்டரி சிவராமன் சாரிடம் போய், என் வீட்டுக்காரர் சம்பளத்திலிருந்து அறுபத்தைந்தைப் பிடித்துச் சங்கமே அனுப்ப முடியுமா என்று கேட்டேன். கிட்டுசாமி எழுதிக் கொடுத்தால் முடியும் என்றார்.

அவர் இரண்டு நாள் எழுதிக் கொடுக்கவில்லை. ஊர் சிரிக்கும் என்றார். ஊர் முதல் தடவையே சிரித்து முடித்துவிட்டது, இனிமேல் அதற்கு வேறு வேலை இருக்கிறது என்றேன். மூன்றாம் நாள் காலை வேனை எடுப்பதற்கு முன்னால் வந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமலே வைத்துவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். சந்தைக் கூட்டத்தில் துண்டுப் பக்கம் கையை நீட்டிய அன்றைக்கு இருந்த மாதிரிதான் இருந்தது. ஆனாலும் செக்ரட்டரியிடம், ரசீது வந்ததும் என்னிடம்தான் காட்ட வேண்டும் என்று சொல்லாமல் வர முடியவில்லை. சிவராமன் சார் மை காய்வதற்காகக் காகிதத்தை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

"ரசீது இவிடெ ஃபைலில் இருக்கும். காணணும்னு தோணினா, ரெண்டு பேரும் ஒண்ணிச்சு வந்து காணணும்."

ராகிக் களி வருஷம்

முந்நூற்று அறுபது தீர முழுசாக ஒரு வருஷம் ஆனது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு என்றால் ராகிக் களிதான். தீபாவளிக்குப் பையனுக்கு மட்டும் துணி. ரசீது பார்க்க நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு தடவை போனோம், அப்புறம் போகவில்லை. பாக்கி தீர்ந்த மாதம் அவர் ஒரு தூக்குச் சட்டியில் மட்டன் வாங்கிக்கொண்டு வந்தார். நான் வாங்குவதற்கு முன்னால் பணம் ஏது என்று கேட்டுவிட்டேன். ஓவர்டைம் என்றார். மறுநாள் சங்கத்தில் ஓவர்டைம் நோட்டைப் பார்த்தேன். இருந்தது. நான் பார்த்ததைப் பாப்பாத்தி பார்த்துவிட்டாள்.

"ஏக்கா, கொழம்பு செரிமானம் ஆன பொறவு கணக்குப் பாத்து என்ன பண்ணப் போறீங்க?"

இரண்டு கார்டு

அதற்கு அடுத்த வருஷம் டிரைவர்களுக்கு முப்பது ரூபாய் சம்பளம் கூட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் வண்டிப்பெரியாரிலிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. பேச்சியம்மாள் சொல்லச் சொல்லச் செல்வி எழுதியது, குண்டு குண்டு எழுத்து. சங்கத்து டிரைவர்களுக்குச் சம்பளம் கூடியதாக யாரோ சொன்னார்கள், அவருக்கும் கூடியிருக்கிறதா, எவ்வளவு, கோர்ட்டுக்குப் போகிற செலவு இரண்டு பேருக்கும் எதற்கு, உங்களிடமே கேட்கிறேன் என்று எழுதியிருந்தாள். என்னை நம்பி எழுதிய முதல் கார்டு அது.

அதை மூன்று நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். கொஞ்ச நாளில் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். வாடகையைக் கூட்டிக் கேட்கிறார்கள். ஒன்றும் கூடவில்லை என்று எழுத மனசு வரவில்லை. முழுசாக எழுதவும் கை வரவில்லை. கடைசியில், கூடியது இருபத்தைந்து, அதில் பத்து செல்விக்கு என்று எழுதிப் போட்டேன். அந்த ஐந்து ரூபாயைப் பற்றி, என்னை நானே கேட்டால்கூடப் பதில் இருக்கிற மாதிரி ஒரு காரணம் வைத்திருந்தேன்; இப்போது அது என்ன காரணம் என்று ஞாபகம் இல்லை. போட்ட அன்றைக்குக் கிட்டுசாமியிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

அடுத்த மாதத்திலிருந்து கூடின முப்பதில் சரிபாதி, பதினைந்தைச் சேர்த்து ஐம்பதாக அனுப்பச் சொல்லிச் செக்ரட்டரியிடம் எழுதிக் கொடுத்தோம். பத்து பதினைந்தானதற்குக் காரணம் செல்வியின் எழுத்தில் வந்த பதில் கார்டு. அதில் நலமா, சுகமா எதுவும் இல்லை.

"உங்களுக்குக் கார்டு போட்ட அன்னைக்கே செக்ரட்டரிக்கும் ஒண்ணு போட்டேன். அவுக முப்பதுன்னு எழுதியிருக்காக. அஞ்சு ரூவாய நீங்க மறந்துட்டீக போல."

கட்டியவர் பாக்கி வைத்த வீட்டில் வரவு செலவு பார்ப்பது எப்படி என்று யாராவது கேட்டால், அவரைச் சந்தேகப்படுவது முதல் பாடம், அவர் யாரைச் சந்தேகப்படச் சொல்கிறாரோ அந்தப் பெண்ணிடம் நேரில் போய்க் கேட்பது இரண்டாம் பாடம், அவள் நம்மையும் சேர்த்துச் சந்தேகப்படுவாள் என்பதுதான் பரீட்சை என்று சொல்வேன்.